காலி வீட்டில் காலடிச் சத்தம்

சொந்த வீடு என்பது மனிதனின் முதுகெலும்பு. சொந்த வீட்டில் படுத்து எழுகிறவன் யார் முன்னாலும் குனிய மாட்டான்.

ஆல்டன் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தின் வீட்டுவசதி டைரக்டர் வெண்டல் ஷூஸ்டர், தீயணைப்பு நிலையத்துப் பேன்கேக் விருந்தில் அன்று காலை இப்படித்தான் முழங்கினார்.

இப்போது அவர் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

யாரோ ஒருவரின் வீட்டில். நிலவறை இருட்டில்...

ஒரு பிணத்துக்குப் பக்கத்தில்!

குப்புறக் கிடந்தான் அந்த ஆள். நெற்றியோரம் ரத்தம். தொட்டுப் பார்க்க வெண்டலுக்குக் கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து... போன் அலறியது.

எடுத்தார்.

"சார், மார்வா பேசறேன்."

வீடு இடிக்கும் குழுவின் தலைவி. காலி வீடுகளை இடித்துவிட்டால் கவுண்டியில் காலி வீடே இருக்காது என்று கண்டுபிடித்தவர் வெண்டல். இடிப்பவள் மார்வா.

"சொல்லும்மா."

"டாமராக் தெரு வீட்டு வாசல்ல நிக்கறோம். பின்கதவுக்கு இரும்புத் தகடு அடிச்சாச்சு. புல்டோசர் ரெடி. உள்ள யாரும் இல்லைன்னு நீங்க வாயால சொல்லிட்டா ஆரம்பிச்சுடுவோம்."

புல்டோசரின் உறுமல் போனில் கேட்டது.

தலைக்கு மேலேயும் கேட்டது!

அந்த வீடேதான் இது. வெண்டல் வெளியேற இருந்த ஒரே வழி அந்தப் பின்கதவு. ஜன்னல்களில் எல்லாம் பலகை. தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் பலகைகளில் திரைச்சீலையும் பூந்தொட்டியும் அழகாக வரைந்திருக்கும். அதுவும் வெண்டலின் யோசனை.

"மார்வா... அது செப்டம்பர்ல இடிக்க வேண்டியதாச்சே?"

"மில் ரோட்டு வீட்டுல வெளவால் குடியிருக்காம். கலைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதான் இதை முன்னால இழுத்துட்டோம்."

"இங்கயும் வெளவால் இருக்கு."

"இங்கன்னா எங்க சார்?"

"அங்க. அங்கதான் சொன்னேன்."

"நேத்து நான் வெளியில சுத்திப் பார்த்தேனே, ஒரு குஞ்சு கூட இல்ல."

"இன்னிக்கு வேண்டாம்மா. நிறுத்திடு."

"நிறுத்தணும்னா டைரக்டர் நேர்ல வந்து சொல்லணும். நீங்க போட்ட ரூல்தான் சார். நேர்ல வாங்க."

"நேர்ல வர்ற நிலைமையில நான் இல்ல."

அது உண்மை. அவர் அன்று சொன்ன முதல் உண்மை.

ஆல்டன் ஏரிக்கரைக் கவுண்டி. கோடை பிறந்தால் சிகாகோக்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் வீட்டை அவர்களிடம் விட்டுவிட்டு எங்காவது ஒண்டிக்கொள்வார்கள். 'சொந்த வீட்டில் சொந்தக்காரரே குடியிருக்க வேண்டும். கவுண்டி ஊழியர் மீறினால் வேலை போகும்' என்று மேசையைக் குத்திச் சட்டம் கொண்டுவந்தார் வெண்டல்.

இந்த நிமிஷம் அவர் வீட்டுப் படகுத்துறையில் ஒரு சிகாகோ வக்கீல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வெண்டல் ஜூன் முதல் இந்த வீட்டின் கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்கிறார். கீழே ஏதோ 'டங்' என்று கேட்டதால்தான் நிலவறைக்கே இறங்கினார்.

கத்தினால் வேலை போகும். பக்கத்தில் பிணம் வேறு... ஜெயில்!

கத்தாவிட்டால் கூரை தலையில் இறங்கும்!

"சார், உள்ள யாராவது இருக்காங்களா இல்லையா?"

"உள்ள..."

பிணத்தின் கை அவர் கணுக்காலைப் பிடித்தது!

"இல்லைன்னு சொல்லித் தொலைச்சிடாதீங்க, வெண்டல்," என்றது பிணம்.

வெண்டல் சட்டென்று போனைக் கட் செய்தார். பிணம் எழுந்து உட்கார்ந்தது. கவுண்டியின் பொருளாளர் ரஸ்ஸல் ஹாப்ட்!

"நீ சாகலையா?"

"மேல யாரோ நடந்தாங்க. பயந்து ஓடினேன், குழாய்ல மண்டை இடிச்சுது. காலி வீடுன்னு நீங்கதானேய்யா மீட்டிங்ல சொன்னீங்க? உங்களை நம்பி வந்து படுத்தேன் பாருங்க."

"உன் வீட்டுல யாரு?"

"சிகாகோ குடும்பம். ரெண்டு நாய் வேற. உங்க வீட்டுல?"

"என் வீட்டுல நான்தான் இருக்கேன்."

"அப்போ இங்க இருக்கறது யாரு?"

மேலே காரை பொலபொலவென்று உதிர்ந்தது. போனில் மார்வா காதில் விழுந்தது 'உள்ள... இல்லை' வரைக்கும்தான். புல்டோசர் நகர்ந்துவிட்டது!

"ஷெரீப் ட்வேனைக் கூப்பிடுங்க," என்றார் ரஸ்ஸல். "கவுண்டி போலீஸே அவர் கையில. நம்மாளு. மார்வாவை ஒரு அதட்டு அதட்டித் துரத்திட்டு, சத்தமில்லாம நம்மளை வெளியில விட்டுடுவாரு."

நல்ல யோசனை. வெண்டல் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது.

காதில் அடித்தது...

பரணிலும் அடித்தது!

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். போனில் ஷெரீப்பின் குரல் கிசுகிசுத்தது.

"வெண்டல், சத்தமா பேசாதீங்க. நானே ஒரு இடத்துல வசமா மாட்டிக்கிட்டிருக்கேன். கீழ வேற ரெண்டு திருடனுங்க."

அப்போது சமையலறைச் சுவர் சரிந்தது!

மூன்று தொண்டைகளும் ஒரே நேரத்தில் திறந்தன. பதவி, மானம், சட்டம் எதுவும் அந்தக் கூச்சலில் இல்லை. "ஐயோ" மட்டும்தான் இருந்தது.

எஞ்சின் நின்றது. விழுந்த சுவர் வழியாக மார்வா எட்டிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தெருவே எட்டிப் பார்த்தது. நிலவறைப் படியில் தூசி பூசிய டைரக்டர். அவர் தோளைப் பிடித்தபடி ரத்தம் காய்ந்த பொருளாளர். பரண் ஏணியில் உள்பனியனோடு ஷெரீப்.

மார்வா நிதானமாக மூவரையும் பார்த்தாள்.

"வேற யாராவது இருக்கீங்களா? இல்ல, கவுண்டி ஆபீஸ் அவ்வளவுதானா?"

ஷெரீப் புறங்கையால் வாயோரத்தைத் துடைத்தார். பற்பசை நுரை.

கையில் இருந்த பிரஷ் வெண்டலுடையது.