அக்காவுக்கும் சேர்த்து

ஒஸ்லோத் தமிழருக்குச் சுவீடன் என்றால் மலிவான இறைச்சிக்கடைதான். நாடு பார்க்கப் போனவர் யாரையும் கேள்விப்பட்டதில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் இருக்கிற பிலேந்திரனும் மனைவி நிரோஜாவும் அன்று எல்லை தாண்டிப் போனதும் அதற்குத்தான். மகள் சாருகாவுக்கு ஆறாவது பிறந்தநாள் வருகிறது. மண்டபம் எடுத்து எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

திரும்பும்போது பின்னேரம். டிசம்பரில் பின்னேரமும் இரவும் ஒன்றுதான். மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. பின் சீற்றில் சாருகா. அவளுக்குப் பக்கத்தில் இறைச்சிப் பைகள், மேலே ஒரு போர்வை. தலைக்குப் பத்துக் கிலோதான் கொண்டுவரலாம். பிலேந்திரன் அளவோடு வாங்கிப் பழகாதவன். இன்னும் ஓர் ஆளுக்குரிய இறைச்சி கூடுதலாக இருந்தது.

வழக்கமாக யாரும் மறிப்பதில்லை. அன்று மறித்தார்கள்.

"எத்தனை பேர்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் சுங்க அதிகாரி.

"நாலு பேர்," என்றான் பிலேந்திரன், முகம் மாறாமல். "பின்னால் என் அக்கா. சுகமில்லை, போர்த்துக்கொண்டு தூங்குகிறார்."

பிலேந்திரனுக்கு அக்காவே கிடையாது.

அதிகாரி டோர்ச் அடித்துப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"தூங்கவில்லையே," என்றார். "முழித்துத்தானே இருக்கிறார்."

போகலாம் என்று கைகாட்டினார்.

"மனுசன் பகிடி விடுறார்," என்று பிலேந்திரன் சிரித்தான். நிரோஜா சிரிக்கவில்லை. காருக்குள் நனைந்து காயாத துணியின் மணம் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, மாமிக்குக் குளிருதாம்."

"எந்த மாமி?"

"உங்கட அக்கா."

அடுத்த பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்து போர்வையை இழுத்தான். பைகள் மட்டும்தான் இருந்தன. ஆனால் சாருகாவின் கை அந்தரத்தில் நீண்டு நின்றது. யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

கையை இழுத்தான். வரவில்லை.

பலம்கொண்டு இழுத்தபோது விட்டது. பிள்ளையின் மணிக்கட்டில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன.

"இருட்டுக்குள்ளை இறைச்சி கொண்டு வாறம், ஒரு இரும்புத்துண்டாவது வையுங்கோ எண்டு சொன்னனான்," என்று நிரோஜா மெல்லச் சொன்னாள். "கேக்கேல்லை. அது காணாதெண்டு, இல்லாத ஆளை உறவுசொல்லிக் கூப்பிட்டு ஏத்திப்போட்டியள்."

"இப்ப என்ன செய்யிறது?"

"திரும்பிப் போவம். சரியான கணக்கைச் சொல்லுங்கோ. அது இறங்கட்டும். எனக்கு என்ரை பிள்ளை வேணும்."

கூடுதல் இறைச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சுவீடனுக்குப் போய், காரைத் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தார்கள். நிரோஜா பின்னால் ஏறி, மகளின் கையைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். யாரும் மறிக்காமலே பிலேந்திரன் காரை ஓரங்கட்டினான்.

அதே அதிகாரி.

"மூன்று பேர்," என்றான் பிலேந்திரன். "முதல் சொன்னது பொய். அக்கா என்று யாரும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்."

டோர்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் இருவர். அதிகாரி விரல் நீட்டி எண்ணினார்.

"சரி. மூன்று பேர்தான்."

அந்த மணம் இல்லை. பிலேந்திரனுக்குக் கண் கலங்கியது. சாருகா தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். இனிப் பயமில்லை என்று நிரோஜாவும் கண்ணை மூடிக்கொண்டாள். கார் வடக்கே, வீட்டை நோக்கி ஓடியது.

மொஸ் நகரம் தாண்டும்போது பின் சீற்றில் ஓர் அசைவு.

"தம்பி."

சாருகாவின் குரல்தான்.

பிலேந்திரன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"மூண்டு பேர் எண்டு சொன்னாய், தம்பி. ஆரை இறக்கினனீ எண்டு பாத்தனியோ?"