கிஷாந்த் அழுத்திய ‘இல்லை’

மிதுனாவுக்குப் புகழ் வந்தது புதன்கிழமை காலையில். அது இடைவேளையைக்கூடத் தாண்டவில்லை.

அவள் வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். ஆசிரியர் தினத்துக்கு அந்த வகுப்பு மேடையில் பைலா நடனம் ஆட இருந்தது. யார் யார் ஆடுவார்கள் என்று கேட்டுக் கேட்டே ஐறீன் டீச்சர் களைத்துப்போனார். கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள்.

“நான் ஒரு புரோகிராம் எழுதித் தாறன் டீச்சர்!” என்றாள் மிதுனா. கணினிக் கழகத்தில் ரூபி என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்குக் கை துருதுருவென்றிருந்தது.

கணினி அறைக்குப் போய் அவரவர் பெயருக்கு நேரே ஆட விருப்பமென்றால் ‘ஓம்’, விருப்பமில்லையென்றால் ‘இல்லை’ அழுத்தவேண்டும். பதில், ‘ஓம்’ என்றால் true, ‘இல்லை’ என்றால் false என்று ஒரு ‘மாறி’க்குள் போய் இருக்கும். மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா மாதிரி. அழுத்த மறந்தவர்களின் டப்பா வெறுமையாகக் கிடக்குமே? அதற்கும் மிதுனா வழி வைத்திருந்தாள். ||= என்ற குறியைப் போட்டால், வெறும் டப்பாவை நாம் சொன்ன பதிலால் ரூபி நிரப்பிவிடும். அப்படித் தானாக வந்து உட்காரும் பதிலுக்கு டிபோல்ட் என்று பெயர். மிதுனா கொடுத்த டிபோல்ட், ‘ஓம்’.

புதன்கிழமை பட்டியல் வந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு ‘ஓம்’!

டீச்சருக்கு வாயெல்லாம் பல். வகுப்பே கைதட்டியது. கிஷாந்த் தட்டவில்லை.

கிஷாந்தும் மிதுனாவும் ஒரே மாடிக் குடியிருப்பு, முதலாம் வகுப்பிலிருந்தே கூட்டு. முதல்நாள்தான் அவன் அவளிடம் சொல்லியிருந்தான்: “மேடையில ஏற எனக்குச் சரியான பயம். ‘இல்லை’ எண்டு அழுத்தினா டீச்சர் கோவிப்பாவோ?”

“கோவிக்கமாட்டா. அழுத்து. நான் இருக்கிறன்தானே!”

அவள் பக்கத்தில் நிற்க, அவன் ‘இல்லை’யை அழுத்தினான்.

இப்போது இடைவேளையில் அவன் அவளை முறைத்தான். “நீதானே மாத்தினாய்?”

“சத்தியமா நானில்லை!”

“அப்ப ஆர்? நீதானே புரோகிராம் எழுதினது?”

கிஷாந்தின் மீன் ரோலில் எப்போதும் பாதி மிதுனாவுக்கு. அன்றைக்கு அவன் இரண்டு பாதியையும் தானே தின்றான். மிதுனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவர்களோடு படிக்கும் நிம்றா ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்தாள். மற்றக் கால் முழங்கால் வரை மாவுக்கட்டில் இருந்தது.

“மிதுனா, இந்தக் காலோட நான் பைலா ஆடுறதா? நான் ‘இல்லை’தானே அழுத்தினேன்!”

மிதுனாவின் கண்ணீர் நின்றுவிட்டது. கிஷாந்துக்கு மட்டும் நடந்ததல்ல இது! கணினி அறைக்கு ஓடினாள்.

ஒன்றும் அழுத்தாமல் பார்த்தாள். ‘ஓம்’ வந்தது. சரிதான். ‘இல்லை’யை அழுத்திப் பார்த்தாள். அதற்கும் ‘ஓம்’ வந்தது!

கழகக் கொப்பியைப் புரட்டினாள். அவள் அவசரத்தில் வாசிக்காமல் விட்ட ஒரு வரி அடியில் இருந்தது. அந்த ||= குறிக்கு வெறும் டப்பாவும் ‘இல்லை’, அதாவது false, இருக்கிற டப்பாவும் ஒன்றுதானாம். இரண்டையும் டிபோல்ட்டால் நிரப்பிவிடுமாம்.

“அட மக்கு!” என்று கணினியைத் திட்டினாள். பிறகு தன்னையும் திட்டிக்கொண்டாள். பேசாமல் இருப்பதும் ‘இல்லை’ என்று சொல்வதும் ஒன்றா? அதைச் சொல்ல கிஷாந்த் எவ்வளவு பயந்தான்!

அந்தக் குறியைத் தூக்கிவிட்டு, ‘டப்பா உண்மையிலேயே வெறுமையா?’ என்று மட்டும் பார்க்கும்படி எழுதினாள். எல்லாரும் அழுத்திய பதில்களை மறுபடி ஓட்டினாள். ஐந்து ‘இல்லை’களும் திரும்பி வந்தன. பதிலே சொல்லாதவர்கள் ஏழு பேர். அவர்களுக்கு ‘ஓம்’ என்று போட இப்போது அவளுக்கு மனம் வரவில்லை. டிபோல்ட்டை ‘போய்க் கேட்கவேண்டும்’ என்று மாற்றினாள்.

புரோகிராமைத் திருத்துவது சுலபமாக இருந்தது. கைதட்டிய வகுப்பின் முன்னால் எழுந்து நிற்பதுதான் கஷ்டம்.

“டீச்சர், லிஸ்ட் பிழை. அஞ்சு பேர் ‘இல்லை’ எண்டு சொன்னவை. என்ர புரோகிராம் அதை ‘ஓம்’ ஆக்கிப்போட்டுது. அவை ஆடத் தேவையில்லைதானே?”

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். மிதுனாவின் காது சூடாகிவிட்டது.

“எல்லாரும் ஆடுறாங்க எண்டு நான் பிரின்சிபலுக்கும் சொல்லிட்டேனே!” என்று டீச்சர் தலையில் கைவைத்தார். பிறகு நிம்றாவின் மாவுக்கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இந்தக் காலை நானும் கவனிக்கல்ல பாருங்க! சரி, விருப்பமில்லாதவங்க ஆடவேணாம். வேற ஏதாவது உதவி செய்வீங்களா?”

“திரையை நான் இழுக்கிறன் டீச்சர்!” முதலில் கேட்டது கிஷாந்தின் குரல்.

மறுநாள் புதுப் பட்டியலை ஒட்டினார்கள். தன் பெயருக்கு நேரே இருந்த ‘இல்லை’யைக் கிஷாந்த் விரலால் தடவிப் பார்த்தான்.

இடைவேளையில் ரோலை இரண்டாகப் பிய்த்தான். “வேணுமா?” என்றான். மிதுனா வாய் திறப்பதற்குள் பெரிய பாதியை அவள் கையில் வைத்துவிட்டான்.

“நீ ஒண்டும் சொல்லேல்லை. அப்ப, ஓம்!”

அந்த டிபோல்ட்டை மட்டும் மிதுனா மாற்றவேயில்லை.