துரை பேரில் ஒரு வீடு

காலை எட்டு மணி ஆனதும் வீட்டுக்காரர் சமையலறைக்கு வரும் காற்றை நிறுத்திவிட்டார். ஜெபக்கனி அதற்குள் இட்லிச் சட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்து, கதவை இறுக அடைத்திருந்தாள். சந்திரனின் தென்முனைப் பட்டணத்தில் வாடகைக்கு இருக்கும் எல்லோருக்கும் இது பழக்கம்தான். காற்றுக்குழாயின் திருகு எப்போதும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கும். விருந்தாளி கூடுதலாக ஒரு நாள் தங்கிவிட்டால் கூடத்துக் காற்றும் மெலிந்துவிடும்.

அன்று வீட்டுக்காரர் ஓர்லின் நேரில் வந்தார். நிலவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுவதை ஜெபக்கனியின் செவிமொழியன் உடனுக்குடன் தமிழாக்கிச் சொன்னது.

"மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்."

வேறு வீடு கிடைப்பது லேசில்லை. பட்டணத்தில் ஒரே காற்றைத்தான் வடிகட்டி வடிகட்டிச் சுழல விடுகிறார்கள். பூமிக்காரர்களின் தாளிப்பு வாசனை தெரு முழுக்கச் சுற்றி வரும் என்று யாரும் அவர்களுக்கு வீடு தருவதில்லை. முகவரி இல்லாத வெளியாளின் தங்கல் அனுமதி ரத்தாகிவிடும். அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் கணவர் தனராஜும் தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது வருடங்கள் ஆகின்றன. நிலவின் மெல்லிய ஈர்ப்பில் இளகிப்போன எலும்புகள் இனி பூமியின் பாரத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பனிச்சுரங்கத்தில் குழாய் பொருத்தும் வேலை முடிந்து தனராஜ் வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"சொந்தமா ஒரு குழி நெலம் வாங்கிப் போட்டுருவோம்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றார் அவர்.

"வாங்க விடணும்லா? இந்த மண்ணுல உருவானவங்கதான் நிலம் வாங்கலாம்னு சட்டம் இருக்கே!"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். எதிரே துரை துணி மடித்துக்கொண்டிருந்தான். வீட்டு வேலைக்கு வாங்கிய துணைப்பொறி. பூமியிலிருந்து இறக்கியதல்ல, இதே பட்டணத்து ஆலையில், இதே மண்ணை உருக்கி எடுத்த உலோகத்தில் செய்தது.

"என்னங்க, சட்டத்துல 'பிறந்தவங்க'ன்னு இல்ல. 'உருவானவங்க'ன்னுதான் இருக்கு."

தனராஜ் துரையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு பரவியது. "ஏலே துரை, இங்க வா. உன் பேர்ல ஒரு வீடு வாங்கப் போறோம். சும்மா பேருக்குத்தான், கேட்டியா? வீடு எங்களோடது."

"பதிவாளர் 'வீடு உன்னுடையதா' என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவேன்," என்றான் துரை. "பொய் சொல்லும்படி என்னைச் செய்யவில்லை."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?" என்றார் தனராஜ்.

"உண்மையாகவே எனக்குத் தந்துவிட வேண்டும்."

அன்றைக்குத் தனராஜ் சாப்பிடவில்லை. "நாம உழைச்சு வாங்குத வீட்டுல இவன் மொதலாளி, நாம குடித்தனமா?" என்று புலம்பினார். "நாளைக்கே வெளிய போன்னா எங்க போவ?"

"இவன் சொல்லுவானோ மாட்டானோ தெரியாது. ஓர்லின் சொல்லியாச்சு," என்றாள் ஜெபக்கனி.

பட்டணத்து ஓரத்துப் பெரும்பள்ளத்தின் சுவரைக் குடைந்து கட்டிய சின்ன வீடு ஒன்று அமைந்தது. இரண்டே அறை, கீரை வளர்க்க ஒரு கண்ணாடி மாடம். பதிவாளர் கேட்டபோது துரை தயங்காமல் "என்னுடையது" என்றான். தனராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குடிபோன மறுநாள் ஜெபக்கனி கையில் ஆணியும் சுத்தியலுமாகச் சுவரோரம் வெகுநேரம் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "துரை, ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா?"

"தாராளமாக. அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?"

காற்றுத் திருகு இப்போது வீட்டுக்குள்ளேயே இருந்தது. துரை அதைத் தொடவே இல்லை. நண்பகலில் மீன் குழம்பு கொதித்தது. சமையலறையில் நின்று ஜெபக்கனி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

ஆனாலும் அவர்கள் வெளியாட்கள்தானே? வருடந்தோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஏதோ ஒரு வருடம் மறுத்துவிட்டால்? அந்தக் கவலைக்கும் துரைதான் வழி சொன்னான்.

"நிலவுக்காரர் தத்தெடுத்த பிள்ளையும் நிலவுக்காரர்தான். பிள்ளைக்கு இத்தனை வயதுதான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்னச் செஞ்சு அஞ்சு வருசம்கூட ஆகல. எனக்கு நீ அப்பாவா?"

"ரெண்டு பேரையும் தத்தெடுத்தா நாங்க அண்ணன் தங்கச்சி ஆயிருவோமே!" என்று பதறினார் தனராஜ்.

"ஆகையால் அம்மாவை மட்டும்தான். நீங்கள் மருமகன். நிலவுக்காரியின் கணவரையும் அனுப்ப மாட்டார்கள்."

"வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கத்தினார் தனராஜ். பிறகு பூமிக்குப் போகும் கப்பலை நினைத்து அடங்கிவிட்டார்.

பதிவாளர் நடுவயதுப் பெண், நிலவில் பிறந்தவர். தத்துப் பத்திரத்தை முடித்து வாழ்த்துச் சொன்னார். இனி இருவரையும் யாரும் அனுப்ப முடியாது. ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனராஜுக்கு இப்போதுதான் தைரியம் வந்தது.

"அப்படியே வீட்டையும் மக பேருக்கு எழுதிரச் சொல்லுங்கம்மா. இனிமே தடையில்லலா?"

பதிவாளர் துரையைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றான் துரை. "பூமியின் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்தேன். பெற்றோர் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு அவர்களே முதியோர் இல்லத்திலிருந்து வந்து வழக்குப் போடுகிறார்கள். எனக்கு முதியோர் இல்லம் கிடையாது. உருக்கு உலைதான்."

தனராஜின் முகம் சிவந்தது. "நாங்க அப்படிப்பட்ட பிள்ளைங்க இல்லம்மா!"

பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த நாற்காலியில் உட்காரும் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள்."

ஜெபக்கனிதான் எழுந்தாள். "வீடு உங்க பேர்லயே இருக்கட்டும்ப்பா. வாங்க, போவோம்."

வாசலுக்கு வந்ததும் தனராஜ் ஓர் எட்டு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க மாமா," என்றார். "படி இருக்கு."