மூன்றாவது கட்டு

சுவாமிநாதன் பெரியப்பா கடைசியாகக் கேட்டது ஒரு கட்டுப் பூண்டுதான். அதைக்கூட தாரணி எடுத்துக் கொடுக்கவில்லை.

பூம்பாறையில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே, பரணில் கட்டித் தொங்கவிடுவார்கள். புகை பட்டால்தான் அது கெடாமல் அடுத்த நடவு வரை நிற்கும். பெரியப்பா வீட்டுப் பரணோ பழசு. பெரியவர்கள் ஏறினால் மூங்கில் முறிந்து, ஆளும் பூண்டுமாகக் குழம்புச் சட்டியில் விழ வேண்டியதுதான். அதனால் பரண் ஏறுவது எப்போதும் பத்து வயது தாரணியின் வேலை. கூலி, ஒரு கடலை மிட்டாய்.

அன்று மாலை அவள் வாசலில் தோழி கண்மணியோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வெளியே வந்தார். உள்ளே டீக்கடை கருப்பசாமியும் அகிலன் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாரணி, மூணாவது கட்டை வெரசா எறக்கிக் குடு தாயி. ஒரு சோலி கெடக்கு."

தாரணி ஐந்தாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். மறுகாலை ஊன்றினால் ஆட்டம் போய்விடும்.

"நாளைக்கு எறக்கித் தர்றேன் பெரியப்பா."

"நாளைக்கா? சரி, ஆடு, ஆடு," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். வந்தவர்களும் என்ன சோலி என்று தெரியாமலே டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் விடிந்தபோது பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு தாரணி பாண்டி ஆடவே இல்லை. கண்மணி கூப்பிடும்போதெல்லாம் கால் வலிக்கிறது என்றாள். வலி காலில் இல்லை.

பெரியப்பாவுக்கு மனைவியோ பிள்ளைகளோ கிடையாது. அவருடைய நிலம் தம்பிக்கு, அதாவது தாரணியின் அப்பா ராஜமுருகனுக்கு வந்தது. அப்பா கொடைக்கானலில் வாடகை ஜீப் ஓட்டுகிறார். காட்டேஜ் கட்ட ஒருவர் நிலத்தைக் கேட்டதும் சரி என்றுவிட்டார்.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. கண்மணியும் அவள் அம்மா ஒய்யம்மாளும் அதில்தான் இருந்தார்கள். ஒய்யம்மாள் இருபது வருஷமாகப் பெரியப்பாவோடு அந்த மண்ணில் பாடுபட்டவள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிருங்க," என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்டுப் போறதுன்னு பாக்குறேன் தம்பி," என்றாள் ஒய்யம்மாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தாரணிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அப்பா பெரியப்பா வீட்டை ஒழிக்க வந்தார். கையில் ஒரு நீளக் கம்பு.

"விதைப்பூண்டைத் தட்டி விட்டு வியாபாரிகிட்ட போட்டுறலாம். இனிமே நடவா நடக்கப்போகுது?"

"தட்டாதீங்கப்பா. நான் எறக்குறேன்," என்றாள் தாரணி.

ஏறினாள். முதல் இரண்டு கட்டுகளை விட்டுவிட்டு மூன்றாவதை அவிழ்த்தாள். ஒரு மாதம் தாமதமாக அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கண் எரிந்தது. அடுப்பில் புகையே இல்லை.

பூண்டின் காய்ந்த தண்டுகளுக்கு நடுவே நீலக் கவர் ஒன்று தெரிந்தது. உள்ளே மடித்த காகிதம். மேலே 'உயில்' என்று எழுதியிருந்தது.

ஒழுகும் அந்த வீட்டில் ஈரம் ஏறாத இடம் பரண் ஒன்றுதான். பூண்டு வாசத்துக்கு எலியும் அண்டாது என்பார் பெரியப்பா. பீரோவை அவர் நம்பியதே இல்லை.

அப்பா வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

'ஓரத்து வீடும் அதை ஒட்டிய இரண்டு படி நிலமும் ஒய்யம்மாளுக்கு. மிச்சம் என் தம்பிக்கு. கடலை மிட்டாய்க்காகப் பரண் ஏறிய தாரணிக்கு என் ரேடியோ.'

கீழே பெரியப்பாவின் கையெழுத்து. அதற்கும் கீழே 'சாட்சி' என்று இரண்டு இடங்கள். இரண்டும் காலியாக இருந்தன.

"சாட்சிக் கையெழுத்து இல்லம்மா. இது செல்லாது," என்று அப்பா காகிதத்தை மடித்தார்.

கருப்பசாமியும் அகிலன் வாத்தியாரும் அன்று எதற்காக வந்தார்கள் என்பது தாரணிக்கு இப்போது புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே.

"சாட்சிக்காரங்க வந்தாங்கப்பா. பெரியப்பா இந்தக் கட்டை எறக்கச் சொன்னாரு. நாந்தான் நாளைக்குன்னுட்டேன். என்னாலதான் அந்த எடம் காலியா கெடக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் அண்ணன் எனக்கும் போன் பண்ணுச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போடான்னுச்சு. வண்டியில டூரிஸ்ட் இருக்காங்க, நாளைக்கு வாறேன்னுட்டேன்."

தாரணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா என்ன நெனச்சாருன்னு இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல? அப்ப நாமதானப்பா சாட்சி?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டை எடுத்துக்க. வா."

ஒய்யம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்றபடியே காகிதத்தைப் படித்துக் காட்டினார்.

"இது ஆபீசுல செல்லாதுதான். ஆனா அண்ணன் சொன்னது எனக்குச் செல்லும். நானே ஒங்க பேருக்கு எழுதித் தர்றேன். எங்கயும் போக வேணாம்."

"அவரா எழுதுனாரு?" என்று கேட்டாள் ஒய்யம்மாள். தலையை மட்டும் ஆட்டினார் அப்பா.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தாரணியின் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"நடவுக்கு நாள் தப்பிக்கிட்டே போகுது தம்பி."

அன்று மாலை அப்பா நிலம் கேட்டவருக்குப் போன் செய்தார். தந்தால் மொத்தமாகத் தர வேண்டும் என்றார் அவர். "அப்ப வேணாங்க," என்று அப்பா வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வரப்பில் பெரியப்பாவின் ரேடியோ கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது. அப்பா ஜீப் ஓட்டப் போகவில்லை. மண்ணைக் கிளறி முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார். ஒய்யம்மாளும் கண்மணியும் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

தாரணி முதல் பல்லை வாங்கி, கூர் முனை மேலே இருக்கும்படி ஈர மண்ணில் ஊன்றினாள். இரண்டு கையாலும் மண்ணை மூடினாள்.

"எறக்கிட்டேன் பெரியப்பா," என்றாள் மெல்ல.