குலுங்காத தோட்டா

சனிக்கிழமை, காலை 10.40.

துவக்கு சுடுகிற சத்தம் காதில் விழும். துவக்கே வெடிக்கிற சத்தம் வயிற்றில் விழும்.

லவால் நகருக்கு வடக்கே, வேட்டைக்காரர்கள் குறி பார்த்துப் பழகும் திடலில், மூன்றாவது மேசையில் நின்ற செபமாலைக்கு அது வயிற்றில் விழுந்தது. அவருடைய துவக்கிலும் ஒரு தோட்டா ஏறியிருந்தது. விசையில் வைத்த விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

மகளின் புருஷன் றொக்சன் மல்லாந்து கிடந்தான். அவனுடைய பழைய துவக்கின் பின்பக்கம் வாழைப்பூப் போலப் பிளந்திருந்தது. வலது கண் இருந்த இடத்தில் இரத்தம்.

"ஐயோ மாமா! நீங்கள் அடைச்ச தோட்டா!" என்று கத்தினான் பின்னால் நின்ற நிஷான். செபமாலையின் தங்கச்சி மகன். அவர் வீட்டில் தோட்டா அடைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பவன்.

மதியம் 12.30.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அஞ்சலீனா தகப்பனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தோட்டாக்குள்ள போட்ட வெடிமருந்தைத் தராசில நிறுத்தனீங்களோ?"

"நிறுத்தனான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே றொக்சனுக்கு நினைவில்லை. இரவு தாண்டினால் பார்க்கலாம் என்றார்கள்.

நிஷான் அவரை ஓரமாகக் கூட்டிப்போனான். "மாமா, மிச்சத் தோட்டாப் பெட்டியைத் தாங்கோ. பொலிஸ் வர முதல் ஆத்துக்குள்ள எறிஞ்சுவிடுறன். அவங்கள் அதைக் கண்டா உங்களை உள்ளுக்குத்தான் வைப்பாங்கள்."

அந்தப் பெட்டி செபமாலையின் சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தது. பயத்தில் அவர்தான் எடுத்து ஒளித்திருந்தார். கை பைக்குள் போனது. பெட்டியைத் தொட்டது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"பேந்து பாப்பம்," என்றார்.

பிற்பகல் 2.15.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவருடைய வீட்டு நிலவறை. தோட்டா அடைக்கும் கைப்பொறி, சின்னத் தராசு, ஒரு இரும்புத் துண்டு. எதிரே குற்றப்பிரிவு அதிகாரி மெலனி. மன்னார்ப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள்.

செபமாலை பையைத் திறந்து பெட்டியை மேசையில் வைத்தார். தன் கழுத்துக்குத் தானே கயிறு கொடுப்பது போல இருந்தது.

"இதை ஏன் ஒளிச்சனீங்கள், அங்கிள்?"

"பயம், பிள்ளை. ஆனா அவன் என்னால செத்தா, எனக்கு அது தெரியோணும்."

மெலனி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மருந்து கூடிப்போச்சுதோ?"

"இல்லை. பழைய அளவுதான். ஒவ்வொண்டா நிறுத்தனான்."

"வேலையால வந்தோ அடைச்சனீங்கள்?"

"ஓம். வியாழக்கிழமை. தகரப் பட்டறையில பத்து மணித்தியாலம் நிண்டுபோட்டு வந்து."

"களைப்பு?"

"களைப்புத்தான். ஆனா தராசு களைக்கிறேல்லை."

"முனையில வைக்கிற குண்டு?"

"போன வருசம் பாதி முடிஞ்ச பெட்டி. குண்டையும் நிறுத்தனான். நிறை சரி."

"தோட்டாவின்ர நீளம்?"

அவர் இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வெட்டு. பட்டறையில் அவரே அறுத்தது. "அடைச்ச தோட்டா இதுக்குள்ள மட்டமா இருக்கோணும். இந்த முறையும் எல்லாம் இருந்தது."

"வேற ஏதும் வித்தியாசமா?"

செபமாலை யோசித்தார். "குண்டை அமத்தேக்க கரகரண்டு ஒரு சத்தம். மணலுக்க கம்பு குத்தின மாதிரி. பித்தளைக் கோது பழசெண்டு நினைச்சு விட்டிட்டன்."

மெலனி ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே குலுக்கினாள். அலுமாரியில் போன வருடத்து மிச்சம் ஐந்தாறு கிடந்தது. அதிலும் ஒன்றைக் குலுக்கினாள். இரண்டையும் தனித்தனி உறைகளில் போட்டாள்.



மாலை 4.30.

மறுபடி ஆஸ்பத்திரி. மெலனியின் கேள்விகளுக்கு நிஷான் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னான். செபமாலை பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் சுட்டனீங்களோ?"

"ஓம். மாமா புதுசா அடைச்ச அதே பெட்டிதான். நாலு சுட்டன், ரெண்டு மிச்சம்." சட்டைப்பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே. மாமா எதோ ஒண்டுக்க மருந்தை ரெண்டு தரம் கொட்டிப்போட்டார். வயசு போன மனுசன். பாவம், அவரைக் கரைச்சல்படுத்தாதேங்கோ."

"மெர்சி," என்று நன்றி சொல்லி மெலனி வாங்கிக்கொண்டாள்.

அஞ்சலீனாவிடம் கேட்டாள்: "றொக்சன் கொஞ்ச நாளா எப்பிடி இருந்தவர்?"

"ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. திங்கட்கிழமை பொலிசுக்குப் போகோணும் எண்டு சொன்னவர். ஏனெண்டு சொல்லேல்லை."

அன்று இரவு முழுக்க செபமாலை கட்டிலில் இருந்தபடி மனதுக்குள் தோட்டா அடைத்தார். எங்கே பிழைத்தது? தராசு சரி. வெட்டு சரி. பிறகு எது?

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30.

பூசை முடிந்து வந்தவர்கள் நிலவறையில் நின்றார்கள். செபமாலை, அஞ்சலீனா, நிஷான். வாசலில் இரண்டு பொலிஸ்காரர்.

"மிச்சம் இருந்ததைப் பிரிச்சுப் பாத்தாச்சு," என்றாள் மெலனி. "ஒண்டில கூட மருந்து கூடேல்லை. அங்கிள் சொன்னது சரி."

செபமாலை நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். 

அவள் இரண்டு குண்டுகளை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். ஒரே செம்பு நிறம். ஒரே கூர். ஆனால் ஒன்று மற்றதைவிட உயரம்.

"கட்டை, போன வருசத்துத் தோட்டாக்குள்ள இருந்தது. உள்ள ஈயம். நெட்டை, புதுத் தோட்டாக்குள்ள இருந்தது. முழுச் செம்பு. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே நிறை வேணுமெண்டா நீளம் கூடத்தான் வேணும். தராசுக்கு இது தெரியாது. அங்கிள், தோட்டாவை வெட்டுக்கு மட்டமா வைச்சனீங்கள். அப்ப நெட்டைக் குண்டின்ர மிச்ச நீளம் எங்க போகும்?"

செபமாலை நெட்டைக் குண்டைக் குனிந்து பார்த்தார். "உள்ளுக்க."

"ஓம். கோதுக்குள்ள ஆழமா இறங்கி மருந்தை நெரிச்சது. அதுதான் கரகர. மருந்து அதே அளவு, உள்ளுக்க இடம் குறைவு. நெருப்புப் பிடிக்கேக்க அமுக்கம் கண்டபாட்டுக்கு ஏறும். நீங்கள் போடுறது ஏற்கெனவே உச்ச அளவு. பழைய துவக்கு தாங்கேல்லை."

"கடைக்காரன் மாறிக் குடுத்திருப்பான்," என்றான் நிஷான்.

"போன வருசமும் இதே பெட்டிக் குண்டுதான். அப்ப கட்டை. பிறகு ஆரோ மாத்திப்போட்டினம். அங்கிள் நிறையும் முழு நீளமும் பாப்பார், குண்டைத் தனியா அளக்க மாட்டார் எண்டு தெரிஞ்ச ஆள். இந்த மேசையில பக்கத்தில இருந்து பாத்த ஆள்."

புதுத் தோட்டா ஒன்றை அஞ்சலீனாவின் காதருகே குலுக்கினாள். சத்தம் இல்லை. போன வருடத்ததைக் குலுக்கினாள். மருந்து சரசரத்தது.

"இது நிஷான் தந்தது." குலுக்கினாள்.

சரசர.

"புதுப் பெட்டி எண்டனீங்கள், நிஷான். இது போன வருசத்துத் தோட்டா. மாமா புதுசா அடைச்சதில ஒண்டைக்கூட உங்கட துவக்குக்குள்ள விட நீங்கள் துணியேல்லை. ஏன்?"

நிஷானின் கண் வாசலில் நின்ற பொலிஸ்காரர் பக்கம் போனது.

"றொக்சனின்ர போனைப் பாத்தம். தை மாசம், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், பனிக்குள்ள ரோட்டைக் கடந்த ஒரு மனுசி. இடிச்சுப்போட்டு நிக்காமல் போன கார் உங்கடை. பக்கத்தில இருந்தது றொக்சன். 'திங்கள் நான் சொல்லத்தான் போறன்' எண்டு உங்களுக்கு எழுதியிருக்கிறார்."

செபமாலைக்கு வேறொன்று உறைத்தது. மூன்றாவது மேசை. விசையில் வைத்த விரல்.

"டேய், நானும் அதே பெட்டியைத்தானடா ஏத்தினனான்."

நிஷான் நிலத்தைப் பார்த்தான். "உங்கட துவக்கு புதுசு மாமா. தாங்கும் எண்டு நினைச்சன்."

அவனைக் கூட்டிப்போனார்கள். அஞ்சலீனாவின் போன் அடித்தது. கேட்டாள். "கண் முழிச்சிட்டாராம். ஒரு கண்," என்றவள் அழுதாள்.

செபமாலை கார்ச் சாவியை எடுத்தார். அது விரல்களுக்குள் கிலுகிலுத்தது. மகள் வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டுறன், அப்பா. நீங்கள் ஏறுங்கோ."