புதுச் சட்டையில் பால் வாடை

சட்டையின் கழுத்தில் பால் வாடை அடித்தது.

முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தைத்து முடித்த சட்டை. வெள்ளை மல் துணி, முதுகில் முடிச்சுப் போட இரண்டு நாடா, மொத்த அகலமே அவள் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவுதான். பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து, அலமாரியில் அவளேதான் வைத்தாள். அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய பிள்ளை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. நாலாம் மாதத்திலிருந்து பால் என்றாலே அவளுக்குக் குமட்டியதால் வீட்டில் பால் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். அப்படியிருக்க, புதுத் துணியின் கஞ்சி வாடை வர வேண்டிய இடத்தில், குழந்தை கக்கிக் காய்ந்த பாலின் புளித்த வாடை.

கணவனிடம் நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. உன் மூக்கு இப்ப போலீஸ் நாய் மூக்கு. நேத்து நான் கேன்டீன்ல என்ன சாப்பிட்டேன்னு படியேறும்போதே சொன்னியே."

அவளும் சிரித்தாள். சட்டையை அலசிக் காயப் போட்டாள். அலசிய தண்ணீர் லேசாக வெளுத்துக் கலங்கியிருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

இருவருக்கும் ஒரே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவன் மெஷின் மெக்கானிக். அவள் பதினோரு வருடமாகக் காலர் மட்டுமே தைத்தவள். அங்கே அவளுக்குப் பேரே காலரக்கா. ஒரு நாளைக்கு நானூறு காலர் தைத்த கை, முழுச் சட்டை ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. கல்யாணமாகி எட்டு வருடம் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கிய பிறகு தங்கிய முதல் பிள்ளை இது. அவள் லீவு போட்ட அன்றே, கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய மெஷின் ஒன்றை அவன் சரிசெய்து கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டான்.

"காலருக்குக் கீழ சட்டைன்னு ஒண்ணு இருக்கு. தெரியுமில்ல?" என்றான்.

அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழே ஒரு காகிதக் கிடங்கு. பகல் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில், தண்ணீர்த் தொட்டி சொட்டுகிற சத்தமும், வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொண்டு எப்போதாவது போடுகிற முனகலும், ஈரத் துணியில் இஸ்திரிப்பெட்டி பட்டு எழும் ஆவியின் வாடையும், அவள் மிதிக்கிற பெடலின் கடகடப்பும் தவிர வேறெதுவும் இருக்காது. அந்த மத்தியானங்களில் ஒன்றில்தான் அவள் அதை முதலில் கேட்டாள். பெடலை நிறுத்தினால் மெஷின் நின்றுவிடும். ஆனால் உள்ளறையில், துணி தரையில் இழுபடுவதுபோல ஒரு சரசரப்பு, மெஷின் நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் ஓடி, அதற்கப்புறம்தான் நிற்கும். மெஷின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு நகர்கிற ஏதோ ஒன்று, சத்தம் அடங்கியதைச் சற்றுத் தாமதமாகக் கவனித்ததைப் போல.

எழுந்து போய்ப் பார்த்தாள். கட்டில், அலமாரி, மூடிய கொசுவலை. தரையில் ஒன்றும் இல்லை.

அலமாரியில் இருந்த மஞ்சள் சட்டையை எடுத்தாள். அதைத் தைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. கழுத்துப் பொத்தானின் காஜா இளகியிருந்தது. அக்குளில் துணி நைந்து, தையல் நூல் இழுபட்டிருந்தது. போட்ட துணிக்கும் போடாத துணிக்கும் வித்தியாசம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இது போட்ட துணி. பல தடவை போட்டுக் கழற்றிய துணி.

அன்றிலிருந்து சட்டைகளை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை நைட்டியின் உள்பக்கம் ஊக்கில் கோத்துக்கொண்டாள்.

அந்த வாரம் டாக்டரம்மா ஸ்கேன் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடை பத்தலம்மா. ரெண்டு வாரமா அப்படியே நிக்குது. நல்லா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"பயப்படாதீங்க. அசைவை மட்டும் கவனிங்க. மத்தியானம் படுத்துக்கிட்டு எண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும். வரலன்னா யோசிக்காம கிளம்பி வந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். பூட்டு அதுவரை பூட்டினபடியேதான் இருந்தது. மேலாக வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கம், அக்குளிலிருந்து பாதி வரை கிழிந்திருந்தது. கத்தரி பட்ட கிழிசல் இல்லை. பத்தாத சட்டையைப் பிடிவாதமாகப் போட்டதால் உள்ளிருந்து விட்டுப்போன தையல். விரித்து, டேப்பை வைத்து அளந்தாள். துணி இழுபட்டிருந்த அளவைப் பார்த்தால், அதற்குள் நுழைந்த உடம்புக்கு ஒரு வயது இருக்கும்.

உள்ளே இருப்பது வளரவில்லை. வேறொன்று வளர்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் டேப்பைக் கீழே போட்டாள். மெஷினின் மேல் துணி போட்டு மூடினாள். தைத்த எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இனி ஒரு தையல் போடமாட்டேன் என்று வயிற்றில் கை வைத்துச் சொன்னாள்.

முதல் நாள் அசைவு ஆறு. மறுநாள் மூன்று. கணவன் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை இடதுபுறம் சரிந்து படுத்திருந்தாள். ஒன்றே ஒன்று. அதுவும் உதையில்லை, தூக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல.

என்ன நினைத்து மெஷினிடம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. நூல்கூடக் கோக்காமல் பெடலை மிதித்தாள். உடனே உள்ளே பிள்ளை உதைத்தது. நிறுத்தினாள். உதை நின்றது.

உள்ளறையில் சரசரப்பு, ஒரு மூச்சு கழித்து, நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே துணியை விரித்தாள். ஒரு வயதுக் குழந்தைக்கு வெட்டினாள். தைத்து முடித்து உள்ளறைக் கட்டிலில் வைத்துவிட்டு, சமையலறையில் சுவரோடு ஒட்டி நின்று எண்ணினாள். அன்றைக்குப் பன்னிரண்டு அசைவு.

மறுநாள் கட்டிலில் அந்தச் சட்டை கிழிந்து கிடந்தது. இரண்டு வயதுக்கு வெட்டினாள். அதற்கு மறுநாள் நாலு வயதுக்கு. வாங்கி வைத்த துணி தீர்ந்தது. படுக்கை விரிப்பை வெட்டினாள். ஜன்னல் திரையை வெட்டினாள். தன் நைட்டிகளை. கணவனின் பண்டிகைச் சட்டையை. பிள்ளை உதைத்தது, தினமும், பத்துக்குக் குறையாமல். அடுத்த ஸ்கேனில் எடை கால் கிலோ ஏறியிருந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கணவன்தான் கண்டுபிடித்தான். வேலை முடிந்து வந்தவன், மெஷினில் மாட்டியிருந்த அரைகுறைச் சட்டையை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தான்.

"இது யாருக்கு?"

"பிள்ளைக்கு."

"எட்டு வயசுப் பையன் போடுவான் இதை."

"பெரிசானா போடட்டுமேன்னு."

திரை துவைக்கப் போயிருக்கிறது என்று அவள் சொல்லியிருந்த ஜன்னலை அவன் பார்த்தான். விரிப்பில்லாத கட்டிலைப் பார்த்தான். பிறகு அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். எல்லா நுனியிலும் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

"ஏங்க, நிறுத்தினா பிள்ளை போயிடும்," என்றாள். "கெஞ்சிக் கேக்கறேன். இன்னும் ரெண்டு வாரந்தான்."

அவன் கோபப்படவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எங்க அக்காவ வரச் சொல்லியிருக்கேன். நாளன்னைக்கு வந்துடுவா. நீ தூங்கணும்மா. தூங்கினாப் போதும்," என்றான்.

காலையில் அவள் கண் விழித்தபோது மெஷின் இல்லை. தொழிற்சாலைக்கே எடுத்துப் போய்விட்டான். மிச்சத் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தான். கத்தரி மட்டும், மெஷின் இருந்த இடத்தில், தரையில்.

மத்தியானம். கிடங்குக் கதவு மூடுகிற சத்தம். தொட்டி சொட்டுகிற சத்தம்.

படுத்தாள். எண்ணினாள். ஒரு மணி. ஒன்றரை. இரண்டு.

ஒன்றும் இல்லை.

பக்கம் மாறிப் படுத்தாள். தண்ணீர் குடித்தாள். வயிற்றைத் தட்டினாள். கூப்பிட்டாள். பசை போட்டு ஒட்டியதுபோல உள்ளே ஒரு கனம் அசையாமல் இருந்தது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன். நாப்பது நிமிஷம். வாசல்ல வந்து நில்லு, வண்டியோட வரேன்."

நாற்பது நிமிஷம். அதுவரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தது.

உள்ளறையில் சரசரப்பு கேட்டது. இப்போது மறைந்துகொள்ள மெஷின் சத்தம் இல்லை. அதற்கு அது தேவைப்படவும் இல்லை. கட்டிலைச் சுற்றி ஒரு தடவை. கதவுவரை ஒரு தடவை. நின்றது.

அவள் வயிற்றைத் தாங்கியபடி உள்ளே போனாள். வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. புளித்த பால் வாடை மூச்சை அடைத்தது. யாரும் இல்லை. சுவரைப் பார்த்து நின்று சொன்னாள்.

"துணி இல்ல. எதுவுமே இல்ல. பிள்ளைய விட்டுடு. வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ."



தொட்டி சொட்டுவது நின்றிருந்தது.

பிறகு அவள் வலது தோள்பட்டை முனையில் ஒரு கட்டைவிரல் வந்து பதிந்தது. ஈரமாக. சின்னதாக. அதிலிருந்து சுண்டுவிரல் நீண்டு முதுகைத் தொட்டது. ஒரு சாண். கட்டைவிரல் அந்த இடத்துக்கு நகர்ந்தது. மறுபடியும் சுண்டுவிரல் நீண்டது. இரண்டு சாண். நிதானமான கை. அளவெடுக்கிற கை. இடது தோளில் போய் நின்றது.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

ஒன்று.

தோளிலிருந்து இடுப்புவரை சாண் இறங்க இறங்க, உள்ளே உதைகள். இரண்டு. மூன்று. நாலு. அவள் மூச்சுவிடவில்லை. முழங்கைக்கு அடியில் லேசான ஓர் அழுத்தம், தூக்கு என்பதுபோல. கைகளைத் தூக்கினாள். ஐந்து. ஆறு.

கீழே வண்டி வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம், இரண்டிரண்டு படியாக.

"வந்துட்டேம்மா. எங்க இருக்க?"

ஏழு. எட்டு. நல்ல உதை. உயிருள்ள பிள்ளையின் உதை. அசைந்தால் நின்றுவிடும். கண்ணீர் உதடுவரை இறங்கியது. துடைக்கவில்லை. ஒன்பது.

பின்கழுத்தில், முடி முடிகிற இடத்தில், கத்தரியின் இரண்டு அலகும் விரிந்து, சில்லென்று, தோலைத் தொட்டு நின்றன.