போகுஷ் அள்ளாத பனி

"கை ஒடிஞ்சவளுக்கு ஊட்டிவிடவா என் மகனைப் பெத்தேன்!" விடியுமுன்னே சமையலறையில் பாத்திரம் உருண்டது. கூடவே மாமியார் லுட்விகாவின் குரலும்.

கூடத்துக் கட்டிலில் ஹலினா இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டோடு கிடந்தாள். நாலு நாளைக்கு முன், மாமியாருக்கு மருந்து வாங்கித் திரும்பும்போது, உறைந்த தெருவில் கார் வழுக்கிக் கம்பத்தில் மோதியது. அன்றிலிருந்து இதே பாட்டு. பக்கத்தில் பெட்டி தயாராக இருந்தது. பத்து மணிக்கு டொலிடோவிலிருந்து அக்கா வந்து கூட்டிப்போவாள். பாரமாகக் கிடப்பதைவிடப் போய்விடுவது மேல்...

அவள் கணவன் ஜெனோன் வார்ப்பட ஆலைக்குக் கிளம்பிய உடுப்போடு ஒரு தாளை விரித்தான்.

"இன்சூரன்ஸ்காரன் அனுப்பியிருக்கான். நீ செய்ற வீட்டுவேலைய வேற ஆள் செஞ்சா, நாளுக்கு இருபது டாலராம். என்ன வேலை, இப்ப யார் செய்றாங்கன்னு எழுதணும்."

"கம்பத்துல கொண்டுபோய் மோதினவளுக்கா?" என்றாள் லுட்விகா.

"யார் தப்புன்னு கேக்கமாட்டாம்மா. மிச்சிகன் சட்டம் அப்படி."

ஹலினாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் யார் தப்பு என்று கேட்காத முதல் ஆள், முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காரன்!

"சமையல், துணி. ரெண்டு வரியில முடிஞ்சுபோச்சு," என்றாள் லுட்விகா. அவனும் அதையே எழுதிவிட்டு, மணி பார்த்து வாசற்கதவைத் திறந்தான்.

அப்படியே நின்றான். நாலு நாளாகப் பெய்யாமல் இருந்து, இரவெல்லாம் கொட்டிய பனி முழங்கால் உயரம். அவன் லாரி ஒரு வெள்ளை மேடாகக் கிடந்தது.

"பக்கத்து வீட்டு போகுஷ் கிழவனுக்கு என்னாச்சு? இன்னிக்கு அள்ளலையே!"

"அவர் எதுக்கு அள்ளணும்?" என்றாள் ஹலினா.

"எத்தனை வருஷமா அவர்தானே அள்ளி, கண்ணாடி சுரண்டி, உப்புத் தூவறார்... அதுக்குத்தானே கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வோட்கா குடுக்கறேன்!"

ஹலினா தலை குனிந்தாள். "அது... நான்தாங்க. ஆலையில சூளை முன்னால வேகற உடம்பு, அரைமணி கூடத் தூங்கட்டுமேன்னு..."

"சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா நீங்க எந்திரிச்சு வந்துடுவீங்க."

அவன் வாசலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பத்தொன்பது குளிர்காலத்துப் பனி! மலையாகக் குவித்தாலும் அடங்குமா? தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாது? சொல்லு."

சொன்னாள். நெருப்புப் பட்டு ஓட்டையான அவன் கையுறைகளைத் தைப்பது, வீட்டுக் கணப்படுப்பின் சாம்பலை வாருவது, கூரை ஒழுகலுக்குத் தார் பூசுவது... அவன் எழுத எழுதப் பட்டியல் வளர்ந்தது. தாளின் பின்பக்கமும் நிரம்பியது.

சமையலறை வாசலில் லுட்விகா கேட்டுக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றிய ஒரு வரி வந்துவிடுமோ என்று காத்திருந்தாள். ஹலினா அதைத் தொடாமலே, "அவ்வளவுதாங்க," என்றாள்.

"அவ்வளவு இல்லடா!" கிழவியின் குரல் உடைந்தது. "எழுதிக்கோ. மூணு வருஷமா ராத்திரியில நான் நனைச்சுடற விரிப்ப, நீ முழிக்கறதுக்குள்ள அலசிப் போடறா. இத்தனை ஏச்சு ஏசினேனே... இப்பக்கூட வாயத் திறந்தாளா பாரு!"

"அத்தை, அது எதுக்கு இப்ப..."

"சும்மா கிட!" பீட்ரூட் சூப்பில் ரொட்டியை நனைத்து ஊட்ட வந்தாள். சூப் மாவுக்கட்டில் சிந்தியது. மருமகளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கால் மட்டும் நீண்டு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளியது.

வெளியே ஜெனோனின் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஆலையின் ஆறு மணிச் சங்கு ஊதியும் அது நிற்கவில்லை.

"அந்த போகுஷ்," என்றாள் லுட்விகா கண்ணைத் துடைத்தபடி, "பத்தொன்பது பாட்டில் வோட்காவக் கூசாம குடிச்சிருக்கானே, படுபாவி!"